ஸ்பேர் வரும் வரை வண்டி நிற்கும்: புதுவைக் கிராமங்களில் உழவு இயந்திரங்களின் உதிரிபாகக் கணக்கு

டிராக்டர் விலையைக் கேட்டால் ஷோரூமில் உடனே சொல்லிவிடுவார்கள். மானியம் எவ்வளவு, வங்கிக் கடன் எவ்வளவு, தவணை எத்தனை என்று ஒரு தாளில் எழுதியே கொடுப்பார்கள். அதே வண்டியைப் பதினைந்து இருபது வருடம் ஓட வைக்க என்ன செலவாகும், எந்தப் பாகம் எங்கே கிடைக்கும், கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று எழுதிக் கொடுப்பவர் எவரும் இல்லை. வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் என்ற ஐந்து கொம்யூன்களிலும் இன்று ஏர் மாடு பார்ப்பது அரிது. உழவும் அறுப்பும் வண்டியை நம்பித்தான். அப்படியிருக்க, இந்த எழுதப்படாத கணக்கு ஒவ்வொரு போகத்திலும் விவசாயியின் மடியில் விழுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதிரிபாகத்தின் விலை ஒரு சுமைதான், ஆனால் அது தாங்கக்கூடிய சுமை. வேண்டிய நாளில் பாகம் கிடைக்காமல் போவதுதான் விவசாயியை உடைக்கிறது. அரசின் திட்டங்கள் எல்லாம் வாங்குவதைப் பார்க்கின்றன, ஓட வைப்பதைப் பார்ப்பதில்லை.

முதலில் எது உடைகிறது என்று பார்க்க வேண்டும். பாகூர் ஏரிப் பாசனத்திலும் சங்கராபரணியை ஒட்டிய வில்லியனூர்ப் பக்கத்து நஞ்சையிலும் வண்டிக்கு மிகக் கடினமான வேலை சேற்றுழவு. கேஜ் வீலை மாட்டிக்கொண்டு அச்சு வரை தண்ணீரில் இறங்கும் வண்டியில் முதலில் போவது எஞ்சின் அல்ல, ஆயில் சீல். ரோட்டவேட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் விஷயம் கண்ணுக்கே தெரியும். சுழலும் ஷாஃப்ட்டில் வைக்கோலும் பழைய சாக்கு நூலும் இறுகச் சுற்றியிருக்கும். அந்த நூல் சீலின் ரப்பர் உதட்டை அறுத்திருக்கும். வழியும் எண்ணெய் வெளிறிப்போய்ச் சேற்று வாடையோடு வரும். பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்தால் கரகரவென்று மண் அரைபடுவது கையில் தெரியும். அந்த நிலையில் சீலையும் பேரிங்கையும் மாற்றிவிட்டால் செலவு நூறுகளிலோ சில ஆயிரத்திலோ முடியும். “இந்தப் போகம் ஓடட்டும்ணே, அப்புறம் பாத்துக்கலாம்” என்று விட்டால் ஷாஃப்ட் தேயும், கியர் பல் போகும், செலவு பல ஆயிரத்துக்கு ஏறும். பெரும்பாலான பெரிய ரிப்பேர்களின் பூர்வீகம் இப்படிச் சின்னதாகத்தான் இருக்கிறது.

அடுத்து வருபவை கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ஹைட்ராலிக் பம்ப், செல்ஃப் மோட்டார், டைனமோ, நாசில். கலப்பையில் கொழு, ரோட்டவேட்டரில் எல் வடிவப் பிளேடுகள். பிளேடும் கொழுவும் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை என்பதால் அவற்றைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை. கோபம் வருவது போல்ட்டில்தான். பிளேடைப் பிடிக்கும் போல்ட்டின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ எண் பொறித்திருக்க வேண்டும். முதல் எண், எவ்வளவு இழுவிசையில் அது அறும் என்பதைச் சொல்கிறது. 8 என்றால் 800 மெகாபாஸ்கல். புள்ளிக்குப் பின்னால் வரும் எண், அதில் எத்தனை பங்கு வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பது; .8 என்றால் எண்பது சதவீதம். தலையில் எண்ணே இல்லாத சாதா இரும்பு போல்ட்டும் அதே நீளம், அதே மரை. கடையில் விலையும் குறைவு. மாட்டிவிட்டால் ஒரு நாள் ஓட்டத்தில் நீண்டு தளர்ந்து, பிளேடு ஆடி, பிளேடு உட்காரும் தட்டின் துளையே பெரிதாகிவிடும். பத்து ரூபாய் மிச்சம் பிடித்து வெல்டிங் பட்டறைக்கு ஐந்நூறு கொடுத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கிடைக்கும் தன்மையைப் பொறுத்தவரை தமிழ்நாட்டை ஒட்டி இருப்பது புதுவைக்குப் பெரிய வரம். நாட்டின் டிராக்டர் உதிரிபாகத் தொழிலில் கணிசமான பகுதி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. டாஃபே 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் மாஸி பெர்குசன் வண்டிகளில் ஓடிய சிம்சன் எஞ்சினும் சென்னையில் பிறந்ததே. பிஸ்டனுக்கு இந்தியா பிஸ்டன்ஸ், எஞ்சின் பேரிங்குக்கு பைமெட்டல், போல்ட்டுக்குச் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், செல்ஃப் மோட்டாருக்கும் டைனமோவுக்கும் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பெல்ட்டுக்கும் ஆயில் சீலுக்கும் மதுரை ஃபென்னர், செயினுக்குக் கோவை எல்.ஜி.பாலகிருஷ்ணன் என்று வரிசை நீளும். டயர்க் கம்பெனியான எம்.ஆர்.எஃப்.க்கு நெட்டப்பாக்கம் கொம்யூன் ஏரிப்பாக்கத்திலேயே ஆலை இருக்கிறது. முப்பது வருடத்து மாஸி 1035 இன்றும் உழுதுகொண்டிருப்பதற்கு இந்த வளம்தான் காரணம். அதன் பாகங்களைக் கம்பெனியும் செய்கிறது, கம்பெனிக்குச் செய்து கொடுத்தவர்களும் தங்கள் பெயரில் விற்கிறார்கள், சிறு பட்டறைகளும் செய்கின்றன. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று கிடைக்கிறது.

மஹிந்திராவுக்கும் ஸ்வராஜுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். பஞ்சாப் டிராக்டர்ஸ் 1974 முதல் செய்துவந்த ஸ்வராஜை 2007இல் மஹிந்திரா வாங்கியபோது, பழைய வண்டிக்காரர்கள் அனாதையாகவில்லை. எச்.எம்.டி. டிராக்டர் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்தக் கம்பெனியின் பிஞ்சோர் டிராக்டர் ஆலையை மூட மத்திய அமைச்சரவை 2016 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. வண்டி நல்ல வண்டிதான். ஆனால் கம்பெனி போன பிறகு அதன் ஸ்பேருக்குப் பழைய வண்டிகளை உடைத்து விற்பவர்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. டாஃபேவுக்கும் அமெரிக்காவின் ஆக்கோவுக்கும் 2024இல் மாஸி பெர்குசன் பெயரை வைத்து வழக்கு மூண்டபோதும் வண்டிக்காரர்களுக்கு எழுந்த முதல் கேள்வி ஸ்பேர் பற்றியதுதான். 2025இல் சமரசமாகி, இந்தியாவில் அந்தப் பெயர் டாஃபேயிடமே வந்து சேர்ந்தது. டிராக்டர் வாங்குகிறவர் குதிரைத்திறனையும் டீசல் செலவையும் பார்ப்பதற்கு முன்னால், இந்தக் கம்பெனி இருபது வருடம் கழித்தும் இருக்குமா, இதன் பாகத்தை வேறு யாராவது செய்கிறார்களா என்று பார்ப்பதே உத்தமம்.

விலைக்கு வருவோம். கடை மேஜையில் ஒரே பாகத்துக்கு மூன்று விலை இருக்கும். கம்பெனி பெட்டியில் வரும் ஒரிஜினல், கம்பெனிக்குச் சப்ளை செய்பவரின் சொந்தப் பெயரில் வருவது, பிறகு ‘லோக்கல்’. இரண்டாவது வகை பல நேரம் முதலாவதற்கு ஈடானது, விலை குறைவு. விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். மூன்றாவது வகையில் நல்லதும் உண்டு, சுத்தமாக ஏமாற்றுவதும் உண்டு. கொழு, பின், டாப் லிங்க், சீட், மட்கார்டு போன்றவற்றில் லோக்கலை நம்பி வாங்கலாம். பேரிங், ஆயில் சீல், கிளச் பிளேட், ஹைட்ராலிக் பாகம், ஃபில்டர் ஆகியவற்றில் லோக்கலை வாங்குவது பணத்தைச் சேற்றில் போடுவதுதான். இவற்றோடு போலி என்று ஒரு நான்காவது இனமும் இருக்கிறது. நல்ல கம்பெனியின் பெட்டியையே அச்சடித்து வருவது. பொட்டலத்தில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யில் பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த எம்.ஆர்.பி.யையும் நம்ப வேண்டாம், பொருளையும் நம்ப வேண்டாம்.

வரியில் அண்மையில் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருமுன் புதுவையில் பல பொருள்களுக்கு வரி குறைவு. விழுப்புரம், கடலூர் பக்கத்தவர்கள்கூட இங்கே வந்து வாங்கிப் போவார்கள். நாடு முழுக்க ஒரே வரி ஆனதும் அந்தச் சலுகை போயிற்று. 2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய 56ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில் டிராக்டருக்கான வரியை 12 சதவீதத்திலிருந்து 5க்கு இறக்கியது. டிராக்டர் டயர், டியூப், கியர்பாக்ஸ், கிளச் அசெம்பிளி, ரேடியேட்டர், பிரேக், ஹைட்ராலிக் பம்ப் போன்றவற்றுக்கு 18லிருந்து 5. அறுவடை இயந்திரம், புல்வெட்டும் இயந்திரம், ரோட்டவேட்டர் போன்ற உழவுக் கருவிகள், அவற்றின் பாகங்கள் ஆகியவற்றுக்கு 12லிருந்து 5. செப்டம்பர் 22 முதல் இது நடைமுறை. அடக்க விலை 10,000 ரூபாய் உள்ள கிளச் அசெம்பிளிக்கு முன்பு 11,800 கொடுத்தவர் இப்போது 10,500 கொடுத்தால் போதும். சிறு விவசாயி கட்டிய ஜி.எஸ்.டி.யை வியாபாரி போல எங்கும் கழித்துக்கொள்ள முடியாது, முழுதும் கைச்செலவு. ஆகவே இந்த 1,300 ரூபாய் உண்மையான பணம்.

ஆனால் குறைப்பு டிராக்டர் பாகம் என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டவற்றோடு நின்றுவிட்டது. பேரிங், போல்ட் நட்டு, வி-பெல்ட், எஞ்சின் ஆயில் ஆகியவை பொதுச் சரக்காகக் கருதப்பட்டு 18 சதவீதத்திலேயே இருக்கின்றன. அடிக்கடி மாற்ற வேண்டியவை இவைதான். பத்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் கியர்பாக்ஸுக்கு ஐந்து, போகத்துக்குப் போகம் மாற்றும் பேரிங்குக்குப் பதினெட்டு என்பது உழவனின் நோட்டுப்புத்தகத்தைப் பார்க்காமல் போட்ட கணக்கு. இதைச் சரிசெய்யக் கோர வேண்டியது விவசாயச் சங்கங்களின் கடமை.

விலையைவிடப் பெரியது நாள் என்றேன். அது முழுதாகத் தெரிவது சம்பா அறுப்பில். கதிர் முற்றி, மழை மிரட்டும்போது ‘செயின் வண்டி’ எனப்படும், டிராக்கில் ஓடும் அறுவடை இயந்திரங்கள் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து இறங்கும். சேறு காயாத வயலில் டயர் வண்டி இறங்காது, செயின் வண்டிதான் கதி. இவற்றில் பெரும்பாலானவை குபோட்டா, கிளாஸ் போன்ற வெளிநாட்டுக் கம்பெனி வடிவமைப்பு. ரப்பர் டிராக், கட்டர் பார், கதிரடிக்கும் டிரம்மின் பற்கள், விதவிதமான நீளத்தில் பெல்ட்டுகள் என்று இவற்றின் பாகங்கள் டிராக்டரோடு பொருந்தாதவை. மாஸிக்கு இருக்கும் மாற்று வழி இவற்றுக்கு மிகக் குறைவு. கம்பெனி டிப்போவில் சரக்கு இருந்தால் மறுநாள் பஸ்ஸில் பார்சலாக வரும்; பொங்கல் விடுமுறை குறுக்கே வந்தால் அதுவும் நகராது. ஒரு பெல்ட் அறுந்து இரண்டு நாள் நிற்கும் வண்டி, தான் சம்பாதித்திருக்கக்கூடிய மணி வாடகையை இழக்கிறது. அதற்காகக் காத்திருக்கும் வயல்களில் நெல் சாய்கிறது, கொட்டுகிறது, மழை பட்டால் முளைக்கிறது. அந்த இழப்பு எந்தக் கடை பில்லிலும் வராது.

கணக்கில் வராத இன்னோர் இழப்பு வெள்ளத்தில் நேர்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுவையை ஒட்டிக் கரையைக் கடந்தது. அதன் பின்னே சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்துப் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. பயிர்ச் சேதம் கணக்கெடுக்கப்பட்டது, ஆடு மாடு கணக்கெடுக்கப்பட்டது. தண்ணீரில் மூழ்கிய வண்டிகளின் செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் பேட்டரியும் பயிரோடு சேர்ந்து பேசப்படவில்லை. மூழ்கிய வண்டியை எஞ்சின் ஆயில், கியர் ஆயில், டீசல் மூன்றையும் வடித்து மாற்றாமல் ஸ்டார்ட் செய்தால், வெள்ளம் செய்ததைவிடப் பெரிய சேதத்தை நாமே செய்துகொள்வோம். இதை ஒலிபெருக்கியில் சொல்லக்கூட ஓர் ஏற்பாடு வேண்டும்.

அடுத்தது சீன இறக்குமதி. பவர் டில்லர், பவர் வீடர் என்று மலிவாக வந்து குவிந்தவற்றை வாங்கியவர்கள் ஏராளம். 2020 ஜூலையில் மத்திய அரசு பவர் டில்லரையும் அதன் எஞ்சின், டிரான்ஸ்மிஷன் போன்ற பாகங்களையும் கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதிப் பட்டியலில் சேர்த்தது. உள்நாட்டுத் தொழிலுக்கு நல்லது என்று சொல்ல இடமுண்டு. 1967இல் தொடங்கிய வி.எஸ்.டி. போன்ற இந்திய நிறுவனங்களின் டில்லருக்கு ஸ்பேர் ஒழுங்காகக் கிடைக்கிறது. ஏற்கெனவே சீன டில்லரை வாங்கிவிட்டவரின் நிலைமைதான் பரிதாபம். பெயர் தெரியாத எஞ்சினுக்குப் பொருந்தும் பிஸ்டனைத் தேடிச் சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை வரை அலைய வேண்டும்.

புல்வெட்டும் இயந்திரங்களுக்கும் இதே பாடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் கடலோர ஊர்கள். புல்தரையும் சவுக்கும் தென்னையும் நிறைந்த இந்தப் பகுதியில் தோளில் மாட்டும் பிரஷ் கட்டருக்கு வருடம் முழுக்க வேலை. கூலிக்குப் புல் வெட்டப் போகிறவருக்கு அதுதான் முதல். உப்புக்காற்றில் அதன் போல்ட்டுகள் இறுகிப்போகும், கேபிள் துருவேறும். நைலான் நூலும் பிளேடும் ஸ்பார்க் பிளக்கும் ஹார்டுவேர்க் கடையிலேயே கிடைத்துவிடும். கார்புரேட்டர் டயாஃபிரம், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங், கிளச் ஷூ இவை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். விலை சின்னது, கிடைப்பது அருமை. பல கடைகளில் “முழு கார்புரேட்டரா வாங்கிக்கோங்க தம்பி” என்றுதான் பதில் வருகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் டேங்கில் விட்டுவைப்பது இந்தச் சின்ன ரப்பர் பாகங்களுக்குப் பகை. வேலை இல்லாத நாள்களில் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும் வரை ஓடவிட்டு நிறுத்தினால் பாதி ரிப்பேர் வராது.

கிடைக்காத பாகத்துக்கு நம் ஊர் கண்ட மருந்து லேத் பட்டறை. தேய்ந்த ஷாஃப்ட்டுக்கு வெல்டிங் ஏற்றிக் கடைந்து, புஷ் போட்டு, உடைந்த லிங்கை ஒட்டி, மறுநாள் காலை வண்டியை வயலுக்கு அனுப்பும் லேத்காரர்கள் இல்லாவிட்டால் புதுவை விவசாயம் பாதியில் நின்றிருக்கும். இதை உணர்ந்து அவர்களுக்குக் கடனும் பயிற்சியும் கொடுத்த திட்டம் எதையும் நான் பார்க்கவில்லை. அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இதில் எனக்கு உண்மையான கவலை உண்டு.

லேத்தால் தீர்க்க முடியாத பழுதும் வந்துவிட்டது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. அவற்றில் மின்னணுக் கட்டுப்பாடு, சென்சார், கம்பெனி ஸ்கேனர் எல்லாம் வருகின்றன. நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலானவை ஐம்பதுக்குக் கீழே என்பதால் இன்று தப்பித்திருக்கிறோம். ஆனால் ஸ்கேனர் கம்பெனியிடம் மட்டும் இருந்தால், ஒரு சென்சார் போனாலும் ஊர் மெக்கானிக் கைகட்டி நிற்க வேண்டும். அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டர்களுக்கு நேர்ந்தது இதுதான். விவசாயிகள் போராடி, கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரங்களைத் தாமே பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. 2024 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதன் பட்டியலில் விவசாயக் கருவிகளும் உண்டு. அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கினார்கள். சட்டம் இன்னும் வரவில்லை. கார்களைப் பொறுத்தவரை, ஸ்பேரையும் கண்டறியும் கருவியையும் வெளிக்கடைகளுக்குத் தராமல் பூட்டிவைத்ததற்காகப் பதினான்கு கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்றாலும் நியாயம் எந்தப் பக்கம் என்று அந்த உத்தரவு தெளிவாகச் சொல்லிவிட்டது. கார்க்காரருக்குப் பேசிய நியாயம் டிராக்டர்காரருக்கும் பேச வேண்டும்.

அரசு என்ன செய்கிறது? 2014-15 முதல் நடக்கும் மத்திய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் கருவி வாங்க 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் உண்டு, வாடகை மையம் வைக்கவும் உண்டு. வாங்கிய கருவி மூன்றாம் வருடம் ஓடுகிறதா என்று வந்து பார்ப்பவரைக் காணோம். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை சொந்தமாக வண்டிகளும் பட்டறைகளும் வைத்து, டிராக்டரை மணிக்கு 500 ரூபாய்க்கு வாடகைக்கு விடுகிறது. எல்லை தாண்டினால் கடலூர் மாவட்டம் என்றிருக்கும் பாகூர் விவசாயிக்கு அது எட்டாது. புதுவையில் வேளாண் சேவைக்கென்று அமைக்கப்பட்ட பாசிக் நிறுவனம் நட்டத்தில் முடங்கி, அதன் ஊழியர்கள் சம்பளத்துக்காக வருடக்கணக்கில் போராடியது ஊரறிந்த செய்தி.

இருப்பதை வைத்தே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொம்யூன்தோறும் உழவர் உதவியகம் இருக்கிறது, கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இந்தப் பகுதியில் ஓடும் வண்டிகளின் கணக்கை எடுத்து, அவற்றில் அடிக்கடி போகும் பேரிங், சீல், பெல்ட், கிளச் பிளேட், நாசில், தரமான போல்ட் இவற்றைச் சங்கக் கடையிலேயே இருப்பு வைக்கலாம். விதையும் உரமும் வைக்கும் அதே அலமாரிதான், ஒரு வரிசை கூட வேண்டும். மானியப் பட்டியலில் இடம்பிடிக்கும் கம்பெனிகள், குறிப்பிட்ட பாகங்களைப் புதுவைக்குள் இருப்பு வைத்து, அவற்றின் விலையை எழுதி மாட்ட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். செயின் வண்டிக் கம்பெனிகள் சம்பா அறுப்பின் ஆறு வாரத்துக்காவது வில்லியனூரிலும் பாகூரிலும் ஒரு மெக்கானிக்கையும் ஒரு பெட்டி ஸ்பேரையும் நிறுத்த வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பேர் வாங்கும்போது பாக எண்ணும் ஜி.எஸ்.டி. விகிதமும் அச்சிட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். கிளச் அசெம்பிளிக்கு இன்னும் 18 சதவீதம் போட்டால் ஏன் என்று கேளுங்கள். போலி மாட்டிக்கொண்டால் பெட்டியோடு பாகத்தையும் பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். சொந்தப் பிழைப்புக்காக வண்டி ஓட்டுகிறவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை.